காலி வண்டியின் எடை

ஏழு சுண்ணாம்புக் குன்றுகளைத் தின்று செரித்துவிட்டு எட்டாவது குன்றின் மேல் பல்லை வைத்திருந்த ஒரு சிமென்ட் ஆலையின் வாசலில், முள்வேலி போட்ட பதினாறு ஏக்கர் பொட்டலில், தங்கள் எண் கூப்பிடப்படுவதற்காக லாரிகள் நின்றுகொண்டிருந்தன. நின்றுகொண்டிருந்தன என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்தான், ஆனால் அது துல்லியமாகாது. ஏனென்றால் சில லாரிகள் ஒரு பகல் நின்றன, சில மூன்று பகலும் மூன்று இரவும் நின்றன, ஒரு ஆடி மாதத்தில் ஒரு லாரி பதினோரு நாள் நின்று, அதன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டு, லோடு ஏற்றும் முறை வந்த அன்று குஞ்சு பொரிக்கட்டும் என்று ஓட்டுநர் தன் முறையை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்ததும் நடந்திருக்கிறது.

பொட்டலுக்குப் பெயர் யார்டு. ஊருக்குப் பெயர் சுக்காம்பட்டி. யார்டுக்குள் நுழையும்போது ஒரு டோக்கன் கொடுப்பார்கள். ஒலிபெருக்கி எண்ணைக் கூப்பிட்டால் எடைமேடையில் ஏறிக் காலி வண்டியின் எடையைக் காட்ட வேண்டும். பிறகு உள்ளே போய் மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே வரும்போது இன்னொரு எடை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் மிச்சம் சிமென்ட். உலகத்தில் இதைவிட எளிய கழித்தல் கிடையாது. டோக்கனுக்கும் முதல் எடைக்கும் நடுவில் கிடந்த நேரத்துக்கு மட்டும் யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. வண்டி ஓடினால் படி உண்டு, நின்றால் இல்லை. "சும்மாதானே நிக்கிறீங்க, உங்களுக்கு என்ன?" என்பார், லாரிகளை அனுப்பும் பிரிவின் அதிகாரி நிரஞ்சன்ராஜ், குளிர்பதன அறையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

அந்த யார்டுக்குள் ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தன் பத்துச் சக்கர லாரியைக் கொண்டுவந்து நிறுத்திய அத்தியப்பன் சங்ககிரிப் பக்கத்துக்காரர், நாற்பத்தொரு வயது, இருபது வருட ஓட்டம். அவசரக்காரர் அல்ல, ஆனால் அந்த வாரம் அவருக்கு ஒரு அவசரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் அவருடைய தங்கை கோகிலவாணியின் மகளுக்குக் குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் இவர் ஒருவர்தான். அவர்கள் வீட்டு வழக்கப்படி ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். குழந்தைக்கு வயது ஒன்று நடந்தபோது அத்தியப்பன் ஒரு துறைமுகத்து வாசலில் நான்கு நாளாக நின்றுகொண்டிருந்தார். மூன்று நடந்தபோது ஒரு அரிசிக் கிடங்கின் முன்னால், மூட்டை இறக்க ஆள் வருவார்கள் என்று நின்றுகொண்டிருந்தார். இப்போது ஐந்து நடக்கிறது.

"ஏண்ணா," என்றாள் கோகிலவாணி போனில், "ஏழு வயசுல உன்ற மடியில தூக்கி வெச்சா அவ கால் தரையில இழுக்கும், ஊரே சிரிக்கும். இந்தத் தடவையும் நீ வரலீன்னா ஒரு தலகாணியக் கட்டி அதுதான் மாமன்னு சொல்லி உக்கார வெச்சுக் குத்திப்போடுவேன், பாத்துக்க."

"வந்துருவேன் புள்ளே. ஞாயித்துக்கெழம லோடு ஏத்துனா திங்கக்கெழம எறக்கிட்டு நேரா வந்தர்றேன்."

"போன தடவையும் இதத்தான் சொன்ன. இந்தா, தன்ஷிகா பேசறாளாம்."

போனில் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த மூச்சும் எங்கோ ஓடிப் போய்விட்டது.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. பக்கத்து லாரிக்காரர் தூத்துக்குடி இன்னாசிமுத்து. அத்தியப்பனைவிட ஆறு வயது மூத்தவர். காத்திருப்பதை ஒரு வித்தையாக ஆக்கிவைத்திருந்தார். காலையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கஞ்சி, பிறகு வண்டிக்கடியில் கயிற்றுத் தொட்டில், தொட்டிலில் பழைய செய்தித்தாள், செய்தித்தாளில் எந்த ஊருக்கோ மழை. "இப்பிடி மொறைச்சு மொறைச்சுப் பார்த்தா ஒலிபெருக்கி கூப்பிடுமாவே?" என்றார். "மூஞ்சத் திருப்பிக்கிட்டு உக்காரும். அதுக்கு ரோசம் வந்தாதான் கூப்பிடும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அது அத்தியப்பனின் எண்ணைக் கூப்பிட்டது. அறுபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் தலையைச் சீவிக்கொண்டு மேடையில் வண்டியை ஏற்றினார்.

எடைமேடையின் சிறிய அறையில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருந்தவர் அஞ்சுகம். கணவனையும் மழையையும் ஜோசியத்தையும் நம்பாதவர், மேடையை மட்டும் நம்புகிறவர். அத்தியப்பனின் லாரி ஒன்பது டன் இருநூற்று நாற்பது கிலோ என்பது அவருக்குத் தன் வீட்டுக் கதவு எண்ணைப் போல மனப்பாடம். அன்று எண்கள் சிவப்பாக ஓடி, தயங்கி, ஒன்பது டன் ஐநூற்று எண்பதில் நின்றன. முந்நூற்று நாற்பது கிலோ அதிகம்.

"கல்லு எங்க வெச்சிருக்கீங்க?" என்றார் அஞ்சுகம்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. சீட்டுக்கடியில் கல்லை வைத்துக் காலி எடையை ஏற்றிக்காட்டி, உள்ளே போய்க் கல்லை வீசிவிட்டு, அந்தக் கனத்துக்குச் சிமென்டைக் கொண்டுபோகும் புத்திசாலிகள் எல்லா ஆலைகளுக்கும் வருவதுண்டு. அஞ்சுகம் அப்படிப் பிடித்த கற்களைச் சேர்த்தே தன் அறைக்கு மூன்று படிக்கட்டு கட்டியிருந்தார். காவலாளிகள் வந்து வண்டியைக் குடைந்தார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, ஸ்டவ், ஐந்து கிலோ அரிசி, ஒரு முறுக்கு டின், குழந்தைக்கு என்று வாங்கி மஞ்சள் காகிதத்தில் சுற்றிய ஒரு பாவாடை சட்டை. கல் இல்லை.

மேடைதான் கெட்டுவிட்டது என்று ஓட்டுநர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு, மேடை கெட்டுப்போனால் ஓட்டுநர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார்கள், அதாவது வண்டியை ஒல்லியாக்கப் பார்த்தார்கள். தண்ணீர் டிரம்மைக் கொட்டினார்கள். ஸ்டெப்னியை உருட்டி இறக்கினார்கள். தார்ப்பாயையும் கயிற்றையும் அரிசியையும் முறுக்கையும் இறக்கினார்கள். இன்னாசிமுத்து ஏறிப்போய்க் கண்ணாடிக்கு முன்னாலிருந்த மாதா படத்தைக்கூடக் கழற்றப் போய், அது தன் வண்டியில் அல்லவா இருக்கிறது, இது அத்தியப்பனின் வண்டி என்று ஞாபகம் வந்து இறங்கினார். இறக்கியவற்றின் எடை சரியாகக் குறைந்தது; முந்நூற்று நாற்பது மட்டும் அசையவில்லை. எடை பிசகினால் டோக்கன் ரத்து என்பது விதி. அத்தியப்பனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள்.

மத்தியானத்துக்குள் இன்னும் ஐந்து வண்டிகள் பிசகின. இன்னாசிமுத்துவின் வண்டி இருநூற்று எழுபது கூடியிருந்தது. காலையில்தான் வந்து நின்ற ஒரு வண்டி வெறும் இருபது. எடை ஆய்வாளரை அழைத்தார்கள். அவர் முத்திரைக் கற்களை மேடையின் நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, தன் வாழ்நாளில் இவ்வளவு யோக்கியமான மேடையைக் கண்டதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை அஞ்சுகம் வீட்டுக்குப் போகாமல் டோக்கன் நேரங்களையும் எடைகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, ஒரு தடவை வகுத்து, நம்பாமல் இன்னொரு தடவை வகுத்து, வெளியே வந்து தன் திருட்டுக் கல் படிக்கட்டில் நின்றுகொண்டு, அத்தியப்பனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் சந்தேகப்பட்டது தப்பு. அது கல்லு இல்ல. நீங்க நின்ன நேரம். மணிக்கு அஞ்சு கிலோ."

அத்தியப்பன் சற்று யோசித்தார். "அப்படீங்ளா," என்றார். "நானும் நெனச்சனுங்க. ரெண்டு நாளா ஸ்பிரிங் பட்டை அமுங்கித்தான் கெடந்துது."

செவ்வாயன்று அதிசயமாக இருந்தது புதனன்று செய்தியாகி, வியாழனன்று தொந்தரவாகிவிடுவது உலக வழக்கம்; சுக்காம்பட்டியும் உலகத்தில்தான் இருந்தது. புதன்கிழமை காலை ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் "எத்தனை கிலோ ஆச்சு?" என்று நலம் விசாரித்துக்கொண்டார்கள். பஞ்சர் கடைக்காரர் காற்றுக்குக் காத்திருந்த வண்டிகளைப் பார்த்து, இனி சக்கரத்துக்கு இரண்டு பாயிண்ட் காற்று கூட வைக்க வேண்டும் என்று பலகை எழுதினார். ஏன் அந்தச் செவ்வாய், ஏன் இந்த ஆலை, ஏன் மணிக்கு ஐந்து, ஆறு ஏன் இல்லை என்றெல்லாம் கேட்க ஒரு கல்லூரிப் பேராசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இன்னாசிமுத்து அந்தக் கனத்தை அள்ளிப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மண்வெட்டியை வெறும் லாரித் தளத்தில் செலுத்தினால் ஈர மணலைப் போல அது ஏறி உட்கார்ந்தது, தூக்கும்போது தோள் கனத்தது, கொட்டும்போது சத்தமே இல்லை. அரை மணி நேரம் அள்ளி, வேலிக்கு வெளியிலிருந்த மீரான் பாயின் டீக்கடை ஓரத்தில் கொட்டினார். வண்டியின் பட்டைகள் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தன.

கொட்டிய இடத்தில் மீரான் பாய் தெரியாமல் ஒரு டம்ளர் டீயை வைத்துவிட்டு மறந்துபோனார். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தபோது நாக்கைச் சுட்டது. அடுத்து, அந்த இடத்தில் உட்கார்ந்து செண்பகவடிவு என்ற பெண், நான்கு வருடமாகக் கல்லூரிக்குப் போகவும் மாடு கறக்கவும் தம்பிக்குச் சமைக்கவும் நேரம் போதாமல் தூங்கியே பழக்கமில்லாதவள், பஸ்ஸுக்குக் காத்திருந்த இடைவெளியில் சற்றுக் கண்ணை மூடினாள். பன்னிரண்டு மணி நேரம் நிம்மதியாகத் தூங்கி, கனவுகள் மூன்று கண்டு, சோம்பல் முறித்து எழுந்தபோது பஸ் அப்போதுதான் திருப்பத்தில் ஹாரன் அடித்தது.

அது நேரமேதான் என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஓட்டுநர்கள் செலவழிக்காத, அவர்களிடமிருந்து யாரும் வாங்காத, அதனால் சிறிதும் தேயாத முழு நேரம். அதில் வைத்த பொருள் ஆறாது, வாடாது; அதற்குள் ஆள் உட்கார்ந்தால் உள்ளே நாள்கள் ஓடும், வெளியே நிமிடங்கள் நகரும்; பயன்படுத்தப் பயன்படுத்தக் குவியல் குறையும். வியாழக்கிழமை விடிந்தபோது யார்டு வேலிக்கு வெளியே ஊர்க்காரர்கள் கூடையும் சாக்கும் குடமுமாக நின்றார்கள். பரீட்சைக்குப் படிக்காதவர்கள் வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். பதினெட்டு வருடமாகத் தன் மனைவியிடம் ஒரு விஷயம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்று ஒருவர் வந்தார். அவருக்குப் பாதிக் கூடை போதும் என்றார் இன்னாசிமுத்து, மனைவி பதில் சொல்ல இன்னொரு முழுக்கூடை கொடுத்தனுப்பினார்.

"நீ அள்ளலியாவே?" என்று அத்தியப்பனைக் கேட்டார்.

அத்தியப்பன் தன் வண்டியின் தளத்தில் எதையும் தொடாமல் தார்ப்பாயை விரித்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "இருக்கட்டுங்க அண்ணாச்சி. எனக்கு வெள்ளிக்கெழம ஒரு வேலை இருக்குது."

வியாழன் மதியம் அதிகாரி நிரஞ்சன்ராஜ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அவருக்குத் தலைக்கு மேல் பிரச்சினை. சாலையில் ஒரு பத்துச் சக்கர வண்டி சுமையோடு சேர்த்து இருபத்தெட்டு டன்னுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். காத்திருப்பு அரை டன் ஏறிக்கொண்டால் சிமென்ட் அரை டன் இறங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இருநூறு வண்டி. ஓட்டுநர்கள் எல்லோரும் அள்ளிக் கொட்டிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்தான், ஆனால் அதற்குள் தலைமை அலுவலகத்தில் யாரோ இந்தப் பொருளின் அருமையைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். அவர் கையில் ஒரு அறிவிப்பு இருந்தது. ஆலை வளாகத்தில் உண்டாகும் எந்தப் பொருளும் ஆலைக்கே சொந்தம். கேட் பாஸ் இல்லாமல் காத்திருப்பை வெளியே கொண்டுபோவது திருட்டு.

கூட்டம் அறிவிப்பை எட்டி எட்டிப் பார்த்தது. பிறகு கயிற்றுத் தொட்டிலிலிருந்து இன்னாசிமுத்துவின் குரல் வந்தது.

"சார், முப்பது வருசமா நாங்க நிக்கிறது ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான சொன்னிய?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு சார் கேட் பாஸு?"

சிரிப்பு யார்டின் ஒரு மூலையில் கிளம்பி மறு மூலைக்குப் போய்த் திரும்பி வந்தது. நிரஞ்சன்ராஜ் காது சிவந்து, "அது வேற, இது வேற. எங்க இடத்துல நின்னா எங்க நேரம். இல்லன்னு யாராவது நிரூபிங்க பாக்கலாம்," என்றார்.

அஞ்சுகம் நிரூபித்தார். அவருக்கு யாரையும் எதிர்க்கும் எண்ணமில்லை. ஒரு கேள்வி மேடையில் ஏற்றிப் பார்க்கக்கூடியதாக இருந்தால் ஏற்றிப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு ஓட்டுநரின் லாரி ஆளில்லாமல் இருபத்தாறு மணி நேரம் நின்றிருந்தது. அதை இழுத்துவந்து ஏற்றினார், ஒரு கிலோ கூடவில்லை. அதிகாரியின் கார் மூன்று நாளாக அதே மண்ணில் நின்றிருந்தது, கூடவில்லை. எட்டு மணி நேரம் வாசலில் நின்ற காவலாளியை நிறுத்தினார்; கூடவில்லை. கடைசியில் நிரஞ்சன்ராஜே, தலைமை அலுவலகத்தின் போனுக்காகக் காலையிலிருந்து நாற்காலியில் காத்திருந்தவர், தான் இருபது கிலோவாவது ஏறியிருப்போம் என்ற நம்பிக்கையோடு மேடையில் ஏறி நின்றார். முந்தின மாதம் ஆலை மருத்துவ முகாமில் பார்த்த அதே எண்பது.

"உங்க காத்திருப்ப ஏற்கெனவே வாங்கிட்டாங்க சார்," என்றார் அஞ்சுகம், வருத்தத்தோடு. "மாசம் பொறந்தா சம்பளமா வந்துடுதுல்ல. வாங்காதது மட்டும்தான் எடை ஏறுது. வாங்காதது வெச்சிருக்கிறவங்களோடது."

நிரஞ்சன்ராஜ் மேடையிலிருந்து இறங்கினார். ஆனால் அறிவிப்பைக் கிழிக்கவில்லை. காவலாளிகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்: பாஸ் இல்லாமல் வாசல் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்த முறை அத்தியப்பனுடையது. ஏழு மணிக்கு உள்ளே போகலாம். மூட்டை ஏற்றி முடிய பதினொன்று ஆகும். ஆறு நாள் கேட்கத் துடித்த எண்ணை அவர் சீட்டில் உட்கார்ந்தபடி கேட்டார். கோயிலுக்கு நாலு மணி நேர ஓட்டம். லோடை எடுத்தால் காதுகுத்து இல்லை. லோடை விட்டால் முதலாளி வண்டிச் சாவியைக் கேட்டாலும் கேட்பார். அவர் தங்கைக்குப் போன் செய்யவில்லை. வண்டியைக் கிளப்பி, உள் வாசலுக்குத் திருப்பாமல், வெளி வாசலுக்குத் திருப்பினார்.

காவலாளி குறுக்கே வந்தார். "பாஸ் இருக்காண்ணே?"

"காலி வண்டிதானுங்க."

"காலியா? டயரப் பாருங்க."

அப்போதுதான் வேலைக்கு வந்துகொண்டிருந்த அஞ்சுகம் சைக்கிளை நிறுத்தினார். மேடையைக் காட்டினார். அத்தியப்பன் ஏற்றினார். செவ்வாய் காலையோடு அறுபத்தெட்டு மணி. செவ்வாயிலிருந்து இன்றைக்கு ஆறு மணி வரை இன்னொரு அறுபத்தெட்டு. எண்கள் ஓடி ஒன்பது டன் தொள்ளாயிரத்து இருபதில் நின்றன. அஞ்சுகம் பாஸ் புத்தகத்தைத் திறந்து பேனாவை உதறினார்.

"அக்கா, உங்களுக்கு ஏதும் வம்பு வந்துரப் போகுதுங்க."

"இருபத்தாறு வருசமா எவ்வளவுன்னுதாண்ணே எழுதறேன். யாரோடதுன்னு எழுதினதே இல்ல. ஒரு தடவ எழுதிப் பாக்கறேன்." எழுதினார்: பொருள், காத்திருப்பு. எடை, அறுநூற்று எண்பது கிலோ. உரிமையாளர், ஓட்டுநர் அத்தியப்பன். முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். சட்டப்படி முத்திரை விழுந்த பாஸைக் காவலாளி மறுக்க முடியாது. அவருக்கு மறுக்கும் ஆசையும் இருக்கவில்லை. வாசல் திறந்தது. இன்னாசிமுத்து தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "மடிய நல்லா விரிச்சு வச்சு உக்காருவே!" என்று கத்தினார்.

ஒரு லாரி நிறைய நேரத்தை வைத்துக்கொண்டு போகிறவர் ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்கலாம். பிரிக்காத சிமென்ட் மூட்டை சுவராகாது; கட்டின தார்ப்பாய்க்கடியில் கிடக்கும் நேரமும் அப்படித்தான். வெளியே சாலையில் மற்றவர்களுக்கு ஓடிய அதே கடிகாரம்தான் அவருக்கும் ஓடியது. கனத்த வண்டி மேடுகளில் முனகியது. இரண்டு சுங்கச்சாவடிகளில் வரிசை. முதலாளி நான்கு முறை கூப்பிட்டார். அத்தியப்பன் நான்கு முறையும் போனைக் கும்பிட்டார், எடுக்கவில்லை. பனைகளுக்கு நடுவில் கோயில் கோபுரம் தெரிந்தபோது மணி பத்து இருபது.

பந்தலில் எல்லோரும் எழுந்தார்கள். ஆசாரி ஏற்கெனவே தங்கக் கம்பியைக் கழுவி வைத்திருந்தார். தலகாணியும் தயாராக, பட்டுத்துண்டு கட்டி, மணையில் உட்கார்ந்திருந்தது. கோகிலவாணி தலகாணியைக் காலால் தள்ளிவிட்டு, அண்ணனைத் திட்ட வாயைத் திறந்து, திட்டு வராமல் மூக்கை உறிஞ்சினாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்த தன்ஷிகா அம்மாவின் சேலைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

"மாமன் மடிக்குப் போ சாமி."

"இது மாமா இல்ல."

"மாமாதான் கண்ணு."

"இல்ல. மாமா போனுக்குள்ளதான் இருப்பாரு. சின்னதா இருப்பாரு."

அத்தியப்பன் கையை நீட்டினார், குழந்தை அலறியது. மஞ்சள் காகிதத்தைப் பிரித்துப் பாவாடையைக் காட்டினார். இன்னும் பலமாக அலறியது. தூக்கி உட்கார வைத்தார்கள். மீன் போல நழுவி ஓடியது. காலைக் கையைப் பிடித்துக் குத்திவிடலாம் என்றார் ஒரு பெரியப்பா. "பத்தே நிமிசந்தானுங்க இருக்குது," என்றார் பூசாரி.

"பத்து நிமிசத்துல ஒருத்தன் மாமனாக முடியாதுங்க," என்றார் அத்தியப்பன். "ஆனா எங்கிட்ட நூத்தி முப்பத்தாறு மணி நேரம் இருக்குது."

அவர் போய்த் தார்ப்பாய்க் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பின் கதவைத் திறந்து விட்டார். பிறகு வண்டியின் முன்னால் போய் ஒரே ஒருமுறை ஹாரன் அடித்தார். ஏழு சுரம் உள்ள ஹாரன். அழுகை பாதியில் நின்றது. இன்னொரு முறை வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் சந்தனத் தலை தானாக லாரியை நோக்கி நடந்தது. கோகிலவாணி அவளைத் தூக்கி லாரித் தளத்தில் விட்டாள். அத்தியப்பனும் ஏறி, ஒரு மூலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

வெளியே இருந்தவர்கள் பார்த்தது மிகக் கொஞ்சம். மேளக்காரர் ஓங்கிய குச்சி இறங்கிவருவதற்குள் ஏதோ மங்கலாக அசைந்தது என்றார் ஒருவர். ஒரு தும்மல் போடும் நேரம் என்றாள் இன்னொருத்தி. உள்ளே நடந்தது வேறு.

உள்ளே முதல் நாள் முழுவதும் தன்ஷிகா எதிர் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தியப்பன் கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை, கிட்டே போகவில்லை. வேறு யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பொறுமை இழந்து ஏதாவது ஒரு முட்டாள்தனம் செய்திருப்பார்கள். ஆனால் அவருக்கு இருபது வருடத்தில் உலகம் கற்றுக்கொடுத்திருந்த ஒரே பாடம் இதுதான், தன் எண் வரும்வரை முகத்தைக் கோணாமல் உட்கார்ந்திருப்பது. இரண்டாம் நாள் அவள் அரைவட்டம் திரும்பினாள். முறுக்கு டின் திறந்து நடுவில் இருந்தது, ஒன்று குறைந்தது. பிறகு இன்னொன்று குறைந்தது. "உங்க பேரு என்ன?" என்றாள். அவர் சொன்னார். "நீங்க போன்ல பொய்யா இருந்தீங்களா, இப்ப பொய்யா இருக்கீங்களா?" அதற்கு அவர் ஒரு முழுப் பகல் யோசித்து, "போன்ல இருந்தது பாதிங்க, இது மீதி," என்றார். ஐந்து வயதுக்காரியை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் தன் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கடித்தார்கள் என்பதை விவரமாகச் சொன்னாள். அவர் தார்ப்பாய்க் கயிற்றில் இழுத்தால் இறுகி உருவினால் அவிழும் முடிச்சைப் போடக் காட்டினார். அவள் நாற்பது தடவை போட்டாள், நாற்பத்தோராவது தடவை அவர் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டிவிட்டு, அவிழ்க்க மாட்டேன் என்றாள். வெளி உலகத்துப் பசியும் தாகமும் வெளி உலகத்துக் கடிகாரத்தோடு நின்றுவிட்டதால் உள்ளே சண்டை போடவும் சமாதானமாகவும் தூங்கவும் நிறைய இடம் இருந்தது. துறைமுகத்தில் போன ஒன்றாவது வயதும், அரிசிக் கிடங்கில் போன மூன்றாவது வயதும் எப்படி இருந்தன என்று அவர் கேட்டார்; ஒன்றாவது ஞாபகமில்லை, மூன்றாவதில் ஒரு பூனை இருந்தது என்றாள். ஐந்தாம் நாள் அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கினாள். எழுந்தபோது கீழே பலகை தெரிந்தது. கனம் எல்லாம் தீர்ந்து, லாரி காலியாக இருந்தது.

மணி பத்து இருபத்தாறு. தன்ஷிகா பின் கதவில் நின்று, "மாமா, தூக்குங்க," என்றாள்.

கம்பி ஏறியபோது அவள் அழுதாள். குத்தினால் வலிக்கும், அதற்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் மருந்து கிடையாது. ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை. இரண்டாவது காதுக்கு அவளே தலையைத் திருப்பினாள். பூசாரி மணியைப் பார்த்தார், பத்து இருபத்தொன்பது, தேங்காயை உடைத்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அத்தியப்பன் சுக்காம்பட்டிக்குத் திரும்பினார். முதலாளி சாவியைக் கேட்கத்தான் செய்தார், ஆனால் அதற்குள் அவருக்கு வேறு ஓட்டுநர் கிடைக்கவில்லை, அதோடு ஆலையிலிருந்து ஒரு புதுச் செய்தியும் வந்திருந்தது: இனி மூட்டை தயாரானதும் ஓட்டுநருக்குப் போன் வரும், அதற்குப் பிறகு வந்தால் போதும், எந்த வண்டியும் ஒரு மணிக்கு மேல் யார்டில் நிற்கக் கூடாது, நின்றால் நிற்கும் மணிக்குக் கூலி. ஆலைக்கு நல்ல புத்தி வந்ததென்று சிலர் சொன்னார்கள். வண்டிக்கு அரை டன் சிமென்ட் குறைவாகப் போனதை மூன்று நாள் பொறுத்துப் பார்த்த தலைமை அலுவலகத்துக்குக் கழித்தல் தெரிந்திருந்தது என்று சொல்வதே பொருத்தம். யார்டில் பாதி இடத்தில் புல் முளைக்க ஆரம்பித்திருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் இன்னமும் கூடையோடு வேலியோரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னாசிமுத்து போனில் புலம்பினார், வாரத்துக்கு மூன்று நாள் வீட்டில் இருந்தால் மனைவி தன்னைக் கடைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள் என்று.

அத்தியப்பன் மேடையில் ஏற்றினார். அஞ்சுகம் தன் இடத்தில்தான் இருந்தார்; வம்பு எதுவும் வரவில்லை, பாஸ் புத்தகத்தில் உரிமையாளர் என்று ஒரு புதுக் கட்டம் மட்டும் அச்சாகி வந்திருந்தது. எண்கள் ஓடி ஒன்பது டன் இருநூற்று அறுபதில் நின்றன.

"இருபது கிலோ கூட இருக்கேண்ணே. எங்கயும் நின்னீங்களா?"

"நிக்கலீங்க அக்கா. போன் வந்துதான் வந்தேன்."

"அப்ப கல்லா?"

அத்தியப்பன் சீட்டில் உட்கார்ந்தபடியே தன் மடியைப் பார்த்தார். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் வெறும் வேட்டிதான் இருந்தது, ஆனால் கோயிலிலிருந்து புறப்பட்டது முதல் அந்த இடத்தில் வெதுவெதுப்பாகவே இருந்தது, கியர் மாற்றும்போதுகூட அவர் அதை இடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல போன மாசம் எடை போட்டப்ப பதினெட்டுன்னாங்க," என்றார்.

மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும். பதினெட்டை அதற்கு இருபது என்று மட்டுமே சொல்லத் தெரியும். அஞ்சுகம் தலையசைத்தார். காலி எடையில் ஒன்பது டன் இருநூற்று நாற்பது என்று எழுதினார். மிச்சமிருந்த இருபதை, இருபத்தாறு வருடத்தில் ஒரு கிலோவையும் எழுதாமல் விட்டதில்லை என்பதால், குறிப்பு என்ற கட்டத்தில் தனியாக எழுதினார்: மருமகள், இறக்க வேண்டியதில்லை.